நகராத திருகு

பெர்ம் நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே நான் கையில்லாத சட்டையில்
வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரேடியேட்டரின் திருகு
நான் குடிவரும் முன்பே பெயிண்டுக்குள் இறுகிவிட்டது.
ஐந்து மாடிக்கும் நகரம் கொதிநீர் ஏற்றுகிறது.
போதும் என்று சொல்ல யாருமில்லை.

அறுபது லிட்டர் தொட்டியில் பதினொரு மீன்கள்.
சுண்டுவிரலில் பாதி.
விலாவில் வெள்ளிக் கோடு,
வாலில் ஒரு சொட்டுச் சிவப்பு.
இங்கே இவற்றுக்குக் கார்டினல் என்று பெயர்.
சீனத்து மலையோடைப் பிறவிகள்;
குளிர்ந்தால்தான் நிறம் ஏறும்.
சூடேறினால் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடும்,
கடன் கொடுத்தவன் முன்னால் நிற்பவனைப் போல.

ஹீட்டர் வேண்டாத மீன் என்றால்
வேலை வைக்காத மீன் என்றுதான் வாங்கினேன்.
முதல் மாதத்தில் நான்கு போயின.
பளிங்குத் தண்ணீர்தான்;
அதில் அம்மோனியா இருந்தது.
பசியோ என்று பதறி
நான் அள்ளிப் போட்ட தீனிதான்
அடியில் கிடந்து அதைச் சமைத்திருக்கிறது.
தெளிவு வேறு, சுத்தம் வேறு.
நாலு உயிர் கொடுத்துப் படித்த பாடம்.

இப்போது ஒரு நிமிடத்தில் தின்று தீர்ப்பது மட்டும்.
சனிக்கிழமை இரவே வாளியில் பிடித்து வைத்து
ஞாயிறு காலை கால் தொட்டி மாற்றுவது.
ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே
லேசாகப் பிழிவது. குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை;
அதில் குடியிருப்பவர்களை
வெளியேற்ற எனக்கு உரிமையில்லை.

பிறகு இந்தச் சூடு.
இரண்டு கெஃபீர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி
பால்கனியில் கல்லாக்கி
முறை வைத்து மிதக்கவிடுவேன்.
ஜன்னலின் மேல்மூலைச் சிறுகதவு எப்போதும் திறந்தே.
"நீ தெருவைச் சூடாக்குகிறாய்" என்று
போனில் சிரிப்பாள் தங்கை லூட்சியா.

பிப்ரவரியில் ஒரு மாலை
தெருவுக்கடியில் பெரிய குழாய் வெடித்தது.
ஆவி மூன்றாம் மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது.
பத்து மணிக்கு வீட்டுக்குள் பதினான்கு டிகிரி.
கோட்டும் கம்பளிப் பூட்ஸுமாய்
தொட்டி முன்னால் உட்கார்ந்தேன்.
அடடா, என்ன சிவப்பு.
ஆண்கள் செட்டையை விரித்து
ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்தன.
கட்டிடத்திலேயே சந்தோஷமாக இருந்தவை
இவை மட்டும்தான்.

கதவு தட்டப்பட்டது.
மூன்றாம் மாடி யெஃபீம், லிஃப்ட் மெக்கானிக்.
என் ஜன்னலிலிருந்து தொங்கிய பனிஈட்டி
அவர் பால்கனிக் கண்ணாடியை உடைத்ததிலிருந்து
நான்கு மாதமாய்ப் பேச்சில்லை.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு மூன்று லிட்டர் ஜாடியை எடுத்தார்.
கப்பிகள். வெப்பநாட்டு மீன்கள்.
அடியில் சாய்ந்து கிடந்தன.
"உங்களுக்கு மீன் தெரியுமாமே" என்றார்,
என்னைப் பார்க்காமல்.

பாட்டில்களின் பனியை உடைத்துக் கொட்டினேன்.
கேஸ் அடுப்பில் வெந்நீர்.
ஜாடிக்கு இருபுறமும் பாட்டில்,
எல்லாவற்றையும் சுற்றி என் சால்வை.
"மெதுவாக" என்றேன், "மணிக்கு ஒரு டிகிரி போதும்.
குளிரைவிட அவசரம்தான் கொல்லும்."
இரவெல்லாம் பாட்டில் மாற்றினோம்.
அதிகம் பேசவில்லை.
திருகைப் பற்றிக் கொஞ்சம்.
அவரிடம் பெரிய ஸ்பேனர் இருக்கிறதாம்.

விடிய ஐந்தே முக்காலுக்கு
சுவருக்குள் குழாய்கள் இருமின,
முனகின, பிறகு சூடாயின.
கீழே யாரோ கைதட்டுவது கேட்டது.
ஜாடியில் இரண்டு செத்திருந்தன.
மற்றவை நிமிர்ந்து நீந்தின.
யெஃபீம் அந்த இரண்டையும்
காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் ஜாடியைச் சால்வையோடு தூக்கும்போது
நான் பாட்டில்களில் குழாய்நீர் பிடித்து
பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்தேன்.
சிறுகதவைத் திறந்தேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஏதோ சொல்ல வந்தார்,
தொட்டியைப் பார்த்தார்,
சால்வையை அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.